நிலைகுலைவு மீட்புக் கருனிகளில் சாதன இயக்கிகளின் நினைவகப் பயன்பாட்டை வரம்பிடுதல்: லினக்ஸ் கேடம்ப் முறையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இயங்கிக்கொண்டிருக்கும் கருனி நிலைகுலையும்போது, முன்கூட்டியே ஏற்றி வைக்கப்பட்ட இரண்டாவது கருனி ஒன்று பொறுப்பேற்று, முதற்கருனியின் நினைவகத்தைப் பதிவு செய்து காக்கும் முறை லினக்ஸில் கேடம்ப் எனப்படுகிறது. இவ்விரண்டாவது கருனி சில நூறு மெகாபைட் நினைவகத்திற்குள் இயங்க வேண்டும். ஆனால் அதனுள் ஏற்றப்படும் சாதன இயக்கிகள் முழு வழங்கியின் வளத்தைக் கருதி எழுதப்பட்டவை. அவை கேட்கும் நினைவகம் ஒதுக்கீட்டை மிஞ்சும்போது பதிவு தோல்வியுறுகிறது. நிலைகுலைவிற்கான காரணமும் அதனுடன் மறைகிறது. இயக்கிகளின் நினைவகத் தேவை எவ்வழிகளில் பெருகுகிறது, அதைக் குறைக்கக் கருனி அளவுரு, இயக்கித் தேர்வு, இயக்கி நிரல், பொது அடுக்கு ஆகிய நிலைகளில் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் யாவை, அவற்றின் எல்லைகள் யாவை என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. பொறியின் அளவைக் கொண்டன்றி, செய்ய வேண்டிய பணியின் அளவைக் கொண்டு நினைவகத்தைக் கணிக்கும் பொறுப்பு இயக்கிக்கே உரியது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: லினக்ஸ் கருனி, கேடம்ப், கெக்செக், சாதன இயக்கி, நினைவக ஒதுக்கீடு, பிணைய அட்டை, நிலைகுலைவுப் பதிவு.

1. முன்னுரை

வங்கி, மருத்துவமனை, தொலைத்தொடர்பு முதலிய துறைகளின் வழங்கிகளில் கருனி நிலைகுலைவது அரிது. ஆனால் நிகழும்போது அதன் காரணத்தைக் கண்டறிவது இன்றியமையாதது. பயன்பாட்டு நிரல் ஒன்று தவறினால் கருனி அதை நிறுத்திவிட்டு அதன் நினைவகத்தைக் கோப்பாக எழுதிவைக்கும். கருனியே தவறும்போது அதற்கு மேலான காப்பாளர் எவருமில்லை. திரையில் தோன்றும் சில வரிகளைத் தவிர வேறு சான்று எஞ்சாமல் பொறி மறுதொடக்கம் பெற்றுவிடும். மாதங்களுக்கு ஒருமுறை மட்டுமே தலைகாட்டும் வழுவாயின், அடுத்த வாய்ப்பிற்காகப் பொறியாளர் மீண்டும் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

கேடம்ப் இச்சான்றைக் காப்பதற்காகத் தோன்றியது. அதன் வெற்றி, வழுவின் தன்மையையோ வட்டின் வேகத்தையோ மட்டும் பொறுத்ததன்று. மீட்புக் கருனிக்குள் ஏற்றப்படும் ஒரு பிணைய அட்டை இயக்கி எத்தனை பக்கங்களை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது என்பதையும் அது பொறுத்துள்ளது. இத்தொடர்பு பெரிதும் கவனிக்கப்படாதது. வழக்கமான இயக்கத்தில் ஓர் இயக்கி 100 மெகாபைட்டைக் கூடுதலாகப் பயன்படுத்தினாலும் எவரும் அறியார். மீட்புக் கருனியில் அதே 100 மெகாபைட் முழு முயற்சியையும் வீழ்த்தப் போதுமானது.

2. மீட்புக் கருனி செயற்படும் முறை

கேடம்ப் முறைக்கு முன்னரும் லினக்ஸில் நிலைகுலைவைப் பதிவு செய்யும் முயற்சிகள் இருந்தன. அவை பெரும்பாலும் நிலைகுலைந்த கருனியைக் கொண்டே அதன் நினைவகத்தை வட்டிலோ பிணையத்திலோ எழுத முயன்றன. பழுதுற்ற கருனியின் பூட்டுகளையும் தரவுக் கட்டமைப்புகளையும் நம்ப இயலாது என்பதால் இவ்வழி உறுதியற்றதாக இருந்தது. எரிக் பீடர்மன் உருவாக்கிய கெக்செக், ஒரு கருனியிலிருந்து நிலைபொருளின் துணையின்றி நேரடியாக மற்றொரு கருனிக்குத் தாவ வழிசெய்தது. அதன்மேல் எழுப்பப்பட்ட கேடம்ப் முறையை விவேக் கோயல், எரிக் பீடர்மன், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா ஆகியோர் 2005ஆம் ஆண்டு ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் விளக்கினர். அதே ஆண்டு வெளிவந்த 2.6.13ஆம் பதிப்பில் இரண்டும் முதன்மைக் கருனியில் இடம்பெற்றன.

இம்முறையின் படிநிலைகள் தெளிவானவை. பொறி தொடங்கும்போதே ‘கிராஷ்கர்னல்’ என்னும் அளவுருவின்படி இயல்நினைவகத்தின் ஒரு பகுதி ஒதுக்கப்படுகிறது. முதற்கருனி அதனைத் தன் பயன்பாட்டிற்கு எடுத்துக்கொள்வதில்லை. இரண்டாவது கருனியும் அதற்குரிய தொடக்கக் கோப்பு முறைமையும் அப்பகுதியில் ஏற்றி வைக்கப்படுகின்றன. நிலைகுலைவு நேர்ந்தவுடன் பிற செயலிகள் நிறுத்தப்பட்டு அவற்றின் பதிவகங்கள் காக்கப்படுகின்றன. ஏற்றி வைத்த பகுதிகள் சிதையாமல் உள்ளனவா என்று சரிபார்த்த பின்னர் கட்டுப்பாடு இரண்டாவது கருனிக்கு மாறுகிறது. அது ஒதுக்கப்பட்ட பகுதியை மட்டுமே தனது நினைவகமாகக் கொண்டு இயங்குகிறது. பழைய நினைவகம் அதற்கு ஒரு கோப்பாகக் காட்சியளிக்கிறது. ‘மேக்டம்ப்ஃபைல்’ என்னும் கருவி அக்கோப்பைப் படித்து, தேவையற்ற பக்கங்களை நீக்கி, சுருக்கி, வட்டிற்கோ தொலைவிலுள்ள வழங்கிக்கோ அனுப்புகிறது. பின்னர் பொறி மறுதொடக்கம் பெறுகிறது.

இங்குக் குறிக்கத்தக்க கூறு ஒன்றுண்டு. நிலைகுலைவின்போது சாதனங்கள் முறைப்படி நிறுத்தப்படுவதில்லை. பிணைய அட்டை, தனக்கு முதற்கருனி கொடுத்த முகவரிகளில் வந்துசேரும் பொதிகளை எழுதிக்கொண்டே இருக்கக்கூடும். ஒதுக்கப்பட்ட பகுதியின் முகவரி எந்தச் சாதனத்திற்கும் முன்னர் வழங்கப்படாததால் இரண்டாவது கருனி அவ்வெழுத்துகளிலிருந்து தப்புகிறது. எனவே ‘ஒதுக்கீடு போதவில்லையெனில் பழைய நினைவகத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம்’ என்ற வழி அடைபட்டுள்ளது. பழைய நினைவகம் காக்கப்பட வேண்டிய சான்று; அதே வேளையில் சாதனங்கள் எழுதிக்கொண்டிருக்கக்கூடிய ஆபத்தான நிலம். ஒதுக்கப்பட்ட எல்லைக்குள்ளேயே அனைத்தும் முடிந்தாக வேண்டும்.

3. ஒதுக்கீட்டின் அளவும் அதன் விலையும்

ஒதுக்கீட்டைப் பெரிதாக்கினால் சிக்கல் தீராதா என்ற வினா இயல்பானது. ஒதுக்கப்படும் நினைவகம் நிலைகுலைவு நிகழாத நாட்களிலெல்லாம் வீணாகக் கிடப்பதுதான் அதற்கான விடை. ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9 வெளியீட்டில் எக்ஸ்86 வகைப் பொறிகளுக்கான இயல்பு ஒதுக்கீடு, 1 முதல் 4 கிகாபைட் வரை நினைவகமுள்ள பொறிக்கு 192 மெகாபைட், 4 முதல் 64 கிகாபைட் வரை 256 மெகாபைட், அதற்கு மேல் 512 மெகாபைட் என வகுக்கப்பட்டுள்ளது. 2 கிகாபைட் நினைவகமுள்ள மெய்நிகர் எந்திரம் ஒன்று ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இதற்கென இழக்கிறது. ஒரே இயல்பொறியில் 256 மெகாபைட் ஒதுக்கும் 100 மெய்நிகர் எந்திரங்கள் இயங்கினால், 25 கிகாபைட் பயனின்றி முடங்குகிறது.

ஒதுக்கீட்டின் இடமும் ஒரு வரம்பே. 4 கிகாபைட்டிற்கு மேற்பட்ட முகவரிகளில் ஒதுக்கும் வசதி பின்னர்ச் சேர்க்கப்பட்டது. ஆயினும் 32 இருமம் மட்டுமே முகவரியாகக் கொள்ளும் சாதனங்களுக்கும், அவற்றிற்கான இடைமாற்று இடையகத்திற்கும் தாழ்முகவரிப் பகுதி தேவை. அவ்விடையகம் மட்டுமே இயல்பாக 64 மெகாபைட் கொள்வது. ஆகவே மேற்பகுதியில் ஒதுக்கும்போதும் எக்ஸ்86 கருனி குறைந்தது 256 மெகாபைட்டைத் தாழ்பகுதியில் தானாகவே ஒதுக்குகிறது. தாழ்பகுதி அரிதானது, பல சாதனங்களும் அதற்குப் போட்டியிடுகின்றன.

எனவே, ஒதுக்கீடு எத்துணைச் சிறிதாக இருக்கலாம் என்பதே நடைமுறைக் கேள்வி. இதற்கு விடை காண, அப்பகுதிக்குள் நினைவகத்தை உண்போர் யாவர் என அறிய வேண்டும். கருனியின் சொந்தத் தேவையும் விரிக்கப்பட்ட தொடக்கக் கோப்பு முறைமையின் அளவும் ஓரளவு நிலையானவை, முன்கூட்டியே கணிக்கத்தக்கவை. பதிவுக் கருவியின் தேவை ஒருகாலத்தில் பொறியின் அளவோடு வளர்ந்தது. ஒரு டெராபைட் நினைவகத்தில் 4 கிலோபைட் பக்கங்கள் ஏறத்தாழ 26.8 கோடி உள்ளன. பக்கத்திற்கு ஓர் இருமம் வீதம் குறித்தாலே ஒரு வரைபடத்திற்கு 32 மெகாபைட் வேண்டும். இரு வரைபடங்களுக்கு 64 மெகாபைட். மேக்டம்ப்ஃபைல் கருவி நினைவகத்தைத் துண்டு துண்டாகச் சுழற்சி முறையில் ஆராயத் தொடங்கிய பின்னர் இத்தேவை, பொறி எவ்வளவு பெரிதாயினும், ஒரு நிலையான அளவிற்குள் அடங்கிவிட்டது. இதில் ஒரு படிப்பினை உள்ளது: பொறியோடு வளரும் செலவை, பணியோடு மட்டும் வளரும் செலவாக மாற்ற இயலும். சாதன இயக்கிகளிலும் இதே மாற்றம் தேவைப்படுகிறது.

4. இயக்கிகள் நினைவகத்தைக் கொள்ளும் வழிகள்

உயர்வேகப் பிணைய அட்டையின் இயக்கி எவ்வாறு நினைவகத்தைக் கொள்கிறது என்பதை எளிய கணக்கொன்றால் காணலாம். அட்டைக்கும் இயக்கிக்கும் இடையே பொதிகள் வளைய வடிவ வரிசைகளின் வழியே பரிமாறப்படுகின்றன. வளையத்தின் ஒவ்வோர் இடமும் ஒரு விவரிப்பியைக் கொண்டது. பெறும் வளையத்தின் ஒவ்வொரு விவரிப்பிக்கும் வரப்போகும் பொதியைத் தாங்க ஓர் இடையகம் முன்கூட்டியே இணைக்கப்பட வேண்டும். பொதி வந்த பின்னர் இடம் தேடினால் உயர்வேகத்தில் அது தவறிப்போகும் என்பதே இதற்குக் காரணம்.

ஓர் அட்டை 64 வரிசைகளை அமைப்பதாகவும், ஒவ்வொன்றிலும் 512 விவரிப்பிகள் இருப்பதாகவும், ஒவ்வொரு விவரிப்பியும் ஒரு பக்கத்தைப் பிடித்து வைப்பதாகவும் கொள்க. பக்க அளவு 4 கிலோபைட்டாயின் பெறும் இடையகங்கள் மட்டும் 128 மெகாபைட் கொள்ளும். பவர் கட்டமைப்பிலும் சில ஆர்ம் பொறிகளிலும் உள்ளதுபோல் பக்க அளவு 64 கிலோபைட்டாயின் அதே அட்டை 2 கிகாபைட் கேட்கும். மாறாக, ஒரே வரிசையும் 64 விவரிப்பிகளும் மட்டும் இருப்பின் முதல்வகைப் பொறியில் 256 கிலோபைட்டும், இரண்டாம் வகையில் 4 மெகாபைட்டுமே தேவைப்படும். ஒரு பக்கத்தை இரண்டாகப் பகிர்ந்து பயன்படுத்தும் இயக்கிகளில் இவ்வெண்கள் குறையும். ஆயினும் இரு நிலைகளுக்கும் இடையேயுள்ள விகிதம் மாறுவதில்லை: 512 மடங்கு. வழங்கியில் இத்தகைய அட்டைகள் இரண்டோ நான்கோ இருப்பது இயல்பு.

பெருக்கத்தின் இரண்டாவது வழி செயலிகளின் எண்ணிக்கை. வேகத்தைக் கருதிச் செயலிக்கொரு வரிசை என அமைப்பது இன்றைய இயக்கிகளின் வழக்கம். தொகுதிச் சாதனங்களுக்கான பொது அடுக்கிலும் இதே நிலைதான். அங்கு ஒவ்வொரு வரிசையிலும் ஒரே நேரத்தில் நிலுவையில் இருக்கக்கூடிய கோரிக்கைகள் ஒட்டு எண்களால் எண்ணப்படுகின்றன. ஒவ்வோர் ஒட்டு எண்ணுக்கும் ஒரு கோரிக்கைக் கட்டமைப்பு முன்கூட்டியே உருவாக்கி வைக்கப்படுகிறது. 64 வரிசைகளும் வரிசைக்கு 1024 ஆழமும் எனில் 65,536 கோரிக்கைக் கட்டமைப்புகள், ஒரு கோரிக்கை கூட வருவதற்கு முன்னரே நினைவகத்தில் அமர்ந்துவிடும்.

மூன்றாவது வழி சாதனத்தின் நிலைபொருளே கேட்கும் நினைவகம். சில அட்டைகள் தம் உள்நிலைத் தகவல்களைத் தம்முள் வைத்துக்கொள்ளாமல் பொறியின் நினைவகத்தில் வைக்கின்றன. மெல்லனாக்ஸ் அட்டைகளுக்கான எம்எல்எக்ஸ்4 இயக்கி இதற்குச் சான்று. முடிவுறு வரிசைகள், நினைவகப் பதிவுகள் முதலியவற்றின் உச்ச எண்ணிக்கை தொடக்கத்திலேயே அட்டைக்கு அறிவிக்கப்பட்டு, அதற்கேற்ற அட்டவணைகள் அமைக்கப்படுகின்றன. இவை ஆயிரக்கணக்கான ஒருங்கிணை இணைப்புகளைக் கருதி வகுக்கப்பட்ட எண்கள். ஒரே ஒரு கோப்பை அனுப்பப் போகும் மீட்புக் கருனிக்கு அவை பொருந்தா.

நான்காவது, பழுதாய்விற்கென இயக்கிகள் எடுத்து வைக்கும் இடம். அட்டையின் நிலைபொருள் பழுதுற்றால் அதன் உள்நிலையைப் பதிவு செய்யச் சில இயக்கிகள் பெரிய இடையகங்களை முன்னரே வைத்துக்கொள்கின்றன. மேலும், இயக்கிகள் தம் சாதனத்தின் நிலையையும் நிலைகுலைவுப் பதிவோடு சேர்க்கும் வசதி 2018இல் கருனியில் இடம்பெற்றது. அத்தரவு எழுதப்படும்வரை மீட்புக் கருனியின் குறுகிய நினைவகத்திலேயே இருக்க வேண்டும்; அதற்கு மேல்வரம்பு வகுக்கப்படவில்லை. இதனால் அவ்வசதியை முற்றிலும் அணைத்துவிடும் கருனி அளவுரு ஒன்றும் வழங்கப்பட்டுள்ளது. சான்றைச் செழுமைப்படுத்த வந்த வசதியே சான்றை இழக்கக் காரணமாகலாம் என்பதை இது காட்டுகிறது.

5. வரம்பிடும் முறைகள்

5.1 கருனி அளவுருக்கள்

மிக எளிய வழி, மீட்புக் கருனிக்கு ஒரே ஒரு செயலியைக் காட்டுவது. இதற்கு இரு அளவுருக்கள் உள்ளன. அவற்றின் வேறுபாடு நுட்பமானது. ‘மேக்ஸ்சிபியூஸ்=1’ என்பது தொடக்கத்தில் எழுப்பப்படும் செயலிகளை ஒன்றாக வரம்பிடுகிறது; ஆனால் பின்னர் எழுப்பப்படக்கூடிய செயலிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதில்லை. செயலிவாரியான நினைவகமும், ‘இருக்கக்கூடிய செயலிகள்’ எத்தனை என்று கேட்டு வரிசை அமைக்கும் இயக்கிகளும் முழு எண்ணிக்கையையே காண்கின்றன. ‘என்ஆர்சிபியூஸ்=1’ என்பது அவ்வுச்ச எண்ணையே ஒன்றாக்கிவிடுகிறது. எனவே நினைவகச் சிக்கனத்திற்குப் பின்னதே உகந்தது. பவர் கட்டமைப்பில் நெடுங்காலம் முன்னதே பயன்பட்டு வந்தது. பக்க அளவும் அங்கே பெரிதாகையால் இயக்கிகளின் பசி அப்பொறிகளில் இருமடியாக வெளிப்பட்டது.

நினைவகக் கட்டுப்பாட்டுக் குழுக்களை அணைத்தல், பெரும்பக்கங்களைத் தவிர்த்தல், நினைவக முனைகளைப் புறக்கணித்தல் முதலிய பிற அளவுருக்களும் வழக்கமாகச் சேர்க்கப்படுகின்றன. இவை கருனியின் பொதுச் செலவைக் குறைக்கின்றன. ஆனால் செயலிகளின் எண்ணிக்கையைக் கேளாமல், அட்டையின் திறனையோ மாறா எண்ணையோ கொண்டு வரிசை அமைக்கும் இயக்கிகளை இவை தொடுவதில்லை.

5.2 தேவையான இயக்கிகளை மட்டும் ஏற்றுதல்

பதிவு எங்கே எழுதப்படுகிறதோ அச்சாதனத்தின் இயக்கி மட்டும் போதும். உள்வட்டில் எழுதும் பொறிக்குப் பிணைய இயக்கி வேண்டா. வரைகலை, ஒலி இயக்கிகள் எப்பொறிக்கும் வேண்டா. ட்ரேகட் முதலிய கருவிகள் அப்பொறிக்கு மட்டும் பொருந்தும் தொடக்கக் கோப்பு முறைமையை உருவாக்கி இதனைப் பெருமளவு நிறைவேற்றுகின்றன. தேவையற்றதை விலக்குவதே மிகச் சிறந்த சிக்கனம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பெரிய தரவு மையங்களில் பதிவுகள் பெரும்பாலும் பிணையத்தின் வழியே மைய வழங்கிக்குச் செல்கின்றன. அங்கே மிகுந்த நினைவகம் கேட்கும் இயக்கியே தவிர்க்க முடியாத இயக்கியாகவும் அமைந்துவிடுகிறது.

5.3 இயக்கி நிரலுக்குள் வரம்பிடுதல்

‘இஸ் கேடம்ப் கர்னல்’ என்னும் சிறு செயற்கூறு, தற்போது இயங்குவது மீட்புக் கருனியா என்பதை இயக்கிக்குத் தெரிவிக்கிறது. பழைய நினைவகத்தை விவரிக்கும் தலைப்பின் முகவரி கருனிக்கு வழங்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பதே அதன் வேலை. பல இயக்கிகள் இவ்வினாவைக் கேட்டுத் தம்மைச் சுருக்கிக்கொள்கின்றன.

இண்டெல் நிறுவன அட்டைகளுக்கான ஐ40இ இயக்கியில் 2021இல் சேர்க்கப்பட்ட திருத்தங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மீட்புக் கருனியில் அவ்வியக்கி வரிசைகளின் எண்ணிக்கையைச் சுருக்கி, விவரிப்பிகளை வழக்கமான 512இலிருந்து அட்டை ஏற்கும் குறைந்த அளவான 64ஆக்குகிறது. மெல்லனாக்ஸின் எம்எல்எக்ஸ்5 பிணைய இயக்கி தன் தடங்களையும் வளையங்களையும் குறைந்த அளவில் வைக்கிறது. எம்எல்எக்ஸ்4 இயக்கி ‘குறைநினைவகச் சுயவிவரம்’ ஒன்றிற்கு மாறுகிறது. அதில் முடிவுறு வரிசைகளின் எண்ணிக்கை 65,536இலிருந்து 256ஆகிறது. கியூலாஜிக் ஒளியிழைத் தட இயக்கி பல்வரிசை வசதியையும் நிலைபொருள் பதிவிற்கான இடையகத்தையும் கைவிடுகிறது. மெகாரெய்டு இயக்கி, சாதனங்களை மீளமைக்கக் கோரும் ‘ரீசெட் டிவைசஸ்’ அளவுருவைக் கண்டால் கட்டளைகளின் எண்ணிக்கையை 100க்குள் அடக்குகிறது.

இவற்றைப் பயனர்வெளிக் கருவிகளால் செய்ய இயலாதா என்ற வினாவும் எழுவதுண்டு. வளையத்தின் அளவை மாற்றும் கருவிகள் உள்ளன என்பது உண்மையே. ஆனால் அவை இயக்கி சாதனத்தைக் கண்டறிந்து இடைமுகத்தைப் பதிவு செய்த பின்னரே செயற்பட முடியும். நிர்வாக வரிசைகள், நிலைபொருள் அட்டவணைகள் போன்றவை அதற்கு முன்னரே நினைவகத்தைப் பெற்றிருக்கும். மேலும், ஒவ்வோர் அட்டைக்கும் தகுந்த எண்களைத் தொடக்க நிரலில் எழுதிப் பேணும் சுமை பொறியாளர்மேல் விழும். அவ்வெண்களை நன்கு அறிந்தவர் இயக்கியை எழுதியவரே.

5.4 பொது அடுக்கில் வரம்பிடுதல்

ஒவ்வோர் இயக்கியையும் தனித்தனியே திருத்துவதைவிட, அவை அனைத்தும் கடந்து செல்லும் பொது அடுக்கில் ஒருமுறை வரம்பிடுவது எளிதன்றோ? தொகுதிச் சாதன அடுக்கு இவ்வழியை மேற்கொண்டது. மீட்புக் கருனியில் நினைவகம் நெருக்கடியில் இருக்கக்கூடும் எனக் கருதி, எந்த இயக்கி எவ்வளவு கேட்டாலும் ஒரு வரிசையும் 64 ஒட்டு எண்களும் மட்டுமே தருமாறு அங்கு விதி எழுதப்பட்டது. முன்னர்க் கண்ட எடுத்துக்காட்டில் 65,536 கோரிக்கைக் கட்டமைப்புகள் 64ஆகச் சுருங்கும்.

இவ்விதியின் பிற்கால வரலாறு கவனத்திற்குரியது. ஒட்டு எண் வரம்பு நிலைத்தது. வரிசை எண்ணிக்கையை அடுக்கே மாற்றும் பகுதி பின்னாளில் நீக்கப்பட்டது. இயக்கி தன் கணக்கில் பல வரிசைகளை வன்பொருளில் அமைத்து, குறுக்கீடுகளையும் அவற்றிற்குப் பங்கிட்டிருக்கும். அடுக்கோ ஒன்றை மட்டுமே அறிந்திருக்கும். இருவரின் கணக்கும் ஒவ்வாதபோது கோரிக்கை ஒரு வரிசையிலும் விடை எதிர்பார்க்கப்படும் இடம் வேறொன்றிலும் அமையக்கூடும். ஆழம் என்பது எவ்வளவு பயன்படுத்துவது என்ற கேள்வி. அதைக் குறைத்தால் வேகம் குறையுமே தவிர ஒழுங்கு கெடாது. வரிசைகளின் எண்ணிக்கையோ வன்பொருளின் அமைப்பைப் பற்றிய கேள்வி. அதை அமைத்தவரே மாற்ற வேண்டும். பொது அடுக்கில் எதை வரம்பிடலாம், எதை வரம்பிடலாகாது என்பதற்கு இவ்வேறுபாடு தக்க அளவுகோலாகிறது.

6. கேட்கப்படும் வினாவின் தன்மை

‘இது மீட்புக் கருனியா?’ என்ற ஒரு வினா உண்மையில் இரண்டு வினாக்களின் பதிலாளாக நிற்கிறது. சாதனம் ஒழுங்கற்ற நிலையில் கையளிக்கப்பட்டுள்ளதா என்பது ஒன்று. நினைவகத்தைச் சிக்கனமாகக் கொள்ள வேண்டுமா என்பது மற்றொன்று. கேடம்ப் முறையில் இரண்டிற்கும் விடை ‘ஆம்’ என்பதால் வேறுபாடு தோன்றுவதில்லை.

பவர் கட்டமைப்பின் நிலைபொருள் துணையுடைய பதிவு முறையில் இவ்வேறுபாடு வெளிப்பட்டது. அங்கு நிலைகுலைந்த கருனியின் நினைவகத்தை நிலைபொருள் காத்து வைக்கிறது. பொறி முறையாக மீளமைக்கப்பட்டுப் புதிய கருனி தொடங்குகிறது. சாதனங்கள் தூய நிலையில் கிடைக்கின்றன. பதிவு முடிந்தபின் காக்கப்பட்ட நினைவகம் விடுவிக்கப்பட்டு அதே கருனி வழக்கமான பணியைத் தொடரவும் கூடும். ஆனால் இம்முறையிலும் பழைய நினைவகத்தின் தலைப்பு வழங்கப்படுவதால், மீட்புக் கருனியா என்ற வினாவிற்கு ‘ஆம்’ என்ற விடையே கிடைத்தது. இயக்கிகள் தேவையின்றித் தம் வரிசைகளைச் சுருக்கிக்கொண்டன. இதனால் நிலைபொருள் துணையுடைய முறையில் அச்செயற்கூறு ‘இல்லை’ என விடையளிக்குமாறு பின்னர் மாற்றப்பட்டது.

இதிலிருந்து இயக்கி எழுதுவோர் பெறத்தக்க நெறி ஒன்றுண்டு. மீட்புக் கருனியைக் கண்டறியும் நிபந்தனை நிரலெங்கும் சிதறாமல், வரிசை எண்ணிக்கையும் வளைய அளவும் முடிவாகும் ஓரிடத்தில் மட்டும் அமைவது நன்று. எம்எல்எக்ஸ்4 இயக்கியின் சுயவிவர முறை இதற்கு அணுக்கமானது. நிபந்தனை மாறினாலும் சுயவிவரம் மாறாது. அச்சுயவிவரத்தை வழக்கமான கருனியிலும் இயக்கிச் சோதிக்க இயலும்.

7. வரம்பின் விலையும் சோதனையும்

வரம்பிடுவதால் பதிவின் வேகம் குறையுமா என்பது நியாயமான ஐயம். பெரும்பாலான அமைப்புகளில் மீட்புக் கருனி ஒரே செயலியில் இயங்குகிறது. அச்செயலி பக்கங்களை வடிகட்டிச் சுருக்கும் வேலையிலேயே தன் நேரத்தின் பெரும்பகுதியைச் செலவிடுகிறது. பல வரிசைகள் இருந்தாலும் அவற்றை நிரப்ப வேறு செயலிகள் இல்லை. எனவே வரிசைகளைக் குறைப்பதால் இழப்பு சிறிது. விவரிப்பிகளைக் குறைப்பதில் மட்டும் சற்று எச்சரிக்கை வேண்டும்: பதிவு அனுப்பப்படும் திசையில் பெறும் வளையம் சிறிய ஒப்புகைகளையே ஏற்கிறது, ஆயினும் நெரிசலான பிணையத்தில் மிகச் சிறிய வளையம் பொதிகளை நழுவவிடலாம். எனினும் மெதுவாக முடியும் பதிவு பயன் தரும்; பாதியில் முறியும் பதிவு பயன் தராது. இவ்விரண்டில் எதைத் தெரிவது என்பதில் தயக்கத்திற்கு இடமில்லை.

நினைவகம் போதாதபோது நிகழ்வதையும் நோக்க வேண்டும். இயக்கி தொடக்கத்திலேயே தோல்வியுற்றால் இலக்கு வட்டோ பிணையமோ கிடைக்காமல் போகும். தொடக்கத்தைத் தாண்டிவிட்டால் நினைவகப் பற்றாக்குறையைத் தீர்க்கும் கருனியின் பொறிமுறை ஏதேனும் ஒரு செயல்முறையைக் கொல்லும். மீட்புக் கருனியில் இயங்கும் பெரிய செயல்முறை பெரும்பாலும் பதிவுக் கருவியே. இரு நிலைகளிலும் பொறியாளர் காண்பது ஒன்றுதான்: மறுதொடக்கம் பெற்ற பொறியும் வெறுமையான பதிவு அடைவும்.

இத்தோல்வி, உண்மையான நிலைகுலைவு நேரும் நாளில்தான் முதன்முதலாக வெளிப்படுகிறது என்பதே இதன் கொடுமை. புதிய அட்டை பொருத்துதல், இயக்கியைப் புதுப்பித்தல், பதிவின் இலக்கை மாற்றுதல் ஆகிய ஒவ்வொன்றும் முன்னர்ப் போதுமாக இருந்த ஒதுக்கீட்டைப் போதாததாக்கலாம். ஆகவே ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும், பணியில் இல்லாத நேரத்தில், நிலைகுலைவை வலிந்து தூண்டிப் பதிவு முழுமையாக எழுதப்படுகிறதா எனச் சோதிப்பது நல்வழக்கம். எந்த இயக்கி எவ்வளவு கொள்கிறது என்பதை அறிய ‘மெம்ஸ்ட்ராக்’ கருவி உதவுகிறது; அது தொடக்கத்தின்போது நிகழும் நினைவகக் கோரிக்கைகளை நிரல்கூறுவாரியாகக் கணக்கிடுகிறது. ‘கேடம்ப்சிடிஎல்’ கருவியின் மதிப்பீட்டு வசதி, ஏற்றப்பட்டுள்ள கூறுகளைக் கொண்டு தகுந்த ஒதுக்கீட்டைப் பரிந்துரைக்கிறது. எனினும் கருனிக் கூறின் நிரல் அளவு வேறு, அது இயங்கும்போது கொள்ளும் இடையகத்தின் அளவு வேறு. சில நூறு கிலோபைட் நிரலுள்ள இயக்கி நூறு மெகாபைட் இடையகத்தைக் கேட்கக்கூடும் என்பதால் மதிப்பீடு சோதனைக்கு மாற்றாகாது.

8. முடிவுரை

மீட்புக் கருனியின் பணி ஒன்றே: ஒரு கோப்பைப் படித்து ஓரிடத்தில் எழுதுவது. அப்பணியின் அளவு, பொறியில் செயலிகள் எத்தனை, அட்டையின் திறன் எவ்வளவு என்பவற்றைச் சார்ந்ததன்று. ஆனால் சாதன இயக்கிகள் இவ்விரண்டையும் கொண்டே தம் நினைவகத்தைக் கணிக்கின்றன. சிக்கலின் வேர் இப்பொருத்தமின்மையில் உள்ளது. ஒதுக்கீட்டைப் பெரிதாக்குவது அதை மறைக்குமேயன்றித் தீர்க்காது.

கருனி அளவுருக்களும் இயக்கித் தேர்வும் செலவின் ஒரு பகுதியைக் குறைக்கின்றன. பொது அடுக்கு ஆழத்தை வரம்பிடலாம். வன்பொருளின் அமைப்பில் கைவைத்தால் முரண் விளையும். வரிசைகளையும் வளையங்களையும் நிலைபொருள் அட்டவணைகளையும் பணிக்கேற்பச் சுருக்கும் அறிவு இயக்கியிடமே உள்ளது. ஐ40இ முதலிய இயக்கிகளில் செய்யப்பட்ட திருத்தங்கள் மிகச் சில வரிகளே. அச்சில வரிகள் எழுதப்படாத ஒவ்வோர் இயக்கியிலும், நிலைகுலைவின் ஒரே சான்று அழியும் வாய்ப்பு நிலவுகிறது. புதிய இயக்கி ஒன்றைக் கருனியில் ஏற்கும்போது, அது எவ்வளவு விரைவாக இயங்குகிறது என்பதோடு, மிகக் குறைந்த நினைவகத்தில் எவ்வாறு இயங்குகிறது என்பதையும் மதிப்பிடுவது இதனால் தேவையாகிறது.